எதை வைப்பது? எதை விற்பது?

நடுவர் அவர்களே! "தாத்தா விட்டுட்டுப் போன நாணயங்களை வித்துக் காசாக்குங்க"ன்னு எதிரணி நண்பர் முழங்கிவிட்டு அமர்ந்தார். விற்கட்டும் ஐயா! எது என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு விற்கட்டும்.

டிரங்குப் பெட்டியில் மூணு ரூபாய். மூணிலும் ராஜா தலை. எடையும் ஒரே தோலாதான். 1918-இல் அடித்தது நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வெள்ளி. 1944-இல் அடித்தது பாதிதான் வெள்ளி. 1947-இல் அடித்ததோ நிக்கல். காந்தத்தில் ஒட்டும், வெள்ளி மருந்துக்கும் இல்லை! ஆளுக்கு ஒண்ணுன்னு பங்கு போட்டா, 1947 கிடைச்ச தங்கச்சி கதி என்ன? தராசு சொல்லாது, வருஷம்தான் சொல்லும்.

அதனால முதலில் வருஷவாரியாப் பிரிச்சு எழுதுங்க. தாய்மார்களே, புளி போட்டுத் தேய்க்காதீங்க! பளபளப்பு வரும், சேகரிப்பவர் கொடுக்கிற விலை போயிடும். ஒரே மாதிரி பத்து இருந்தா ஒண்ணை வச்சிட்டு மத்ததை விற்கலாம். நூறு வருஷம் தாண்டியதை வெளிநாட்டுக்கு அனுப்பாதீங்க. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

ஓட்டைக் காலணாவா? ஏராளமா அடிச்சது, பெரிய விலை போகாது. அதை வச்சிருங்க. ரூபாய்க்கு அறுபத்து நாலு காலணான்னு பேரனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க உதவும்னு கூறி அமர்கிறேன்.