கப்பல் பயணமா? பாட்டியிலிருந்து தொடங்குங்கள்

டீ சூடாக இருக்கிறது, நிதானமாகவே பேசுவோம். சிங்கப்பூரில் கப்பல் ஏறி மூன்று நான்கு ராத்திரி கடலில் சுற்றி வருகிற பயணத்தை இப்போது நம் குடும்பங்களில் நிறையப் பேர் யோசிக்கிறார்கள். சென்னையிலிருந்து விமானத்தில் சுமார் நாலு மணி நேரம். திருச்சி, கோவைக்காரர்களுக்கும் நேரடி விமானம் உண்டு. சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட், போர்ட் கிளாங் என்று ஏதோ ஒன்றிரண்டு துறைமுகங்களைத் தொட்டுவிட்டுக் கப்பல் திரும்பிவிடும். இதைப் பற்றி விசாரிக்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்தக் கப்பல் நல்லாயிருக்கும்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, "யார் யார் வர்றீங்க?"

ஓட்டல் பிடிக்கவில்லை என்றால் மறுநாள் காலி செய்துவிட்டு வேறு இடம் பார்க்கலாம். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் தெருமுனையில் இன்னொரு கடை இருக்கும். கப்பல் கிளம்பிவிட்டால் இந்த இரண்டுக்கும் வழியில்லை. அதனால் முழங்கால் வலியோடு நடக்கிற பாட்டி, இன்னும் டயப்பர் போடுகிற பேரன், இந்த இருவருக்கும் எது சரிப்படும் என்று முதலில் பாருங்கள். அவர்களுக்குப் பொருந்தினால் நடுவில் இருக்கிற நமக்குத் தானாகவே பொருந்தும்.

குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலான கப்பல் நிறுவனங்களின் விதி. கர்ப்பிணிகளை 24ஆம் வாரம் தொடங்கிவிட்டால் ஏற்ற மாட்டார்கள். கர்ப்ப வாரக் கணக்கைப் பயணம் முடிகிற நாளை வைத்துப் போடுங்கள், டிக்கெட் எடுக்கிற நாளை வைத்து அல்ல. வீட்டில் மருமகள் உண்டாகியிருந்தால் இதைத்தான் முதலில் பேச வேண்டும். டயப்பர் போடுகிற குழந்தையைப் பொது நீச்சல் குளத்தில் இறக்கப் பல கப்பல்களில் விடுவதில்லை. குழந்தைகள் காப்பகமும் சாதாரணமாக மூன்று வயதிலிருந்து, தானாகக் கழிப்பறை போகத் தெரிந்த பிள்ளைகளுக்குத்தான். இரண்டு வயதுக் குழந்தையின் அம்மாவுக்குக் கப்பலிலும் முழு ஓய்வு கிடைக்காது என்பதை அப்பா, தாத்தா, பாட்டி எல்லோரும் முன்பே தெரிந்துகொண்டு, யார் எந்த நேரம் பார்த்துக்கொள்வது என்று பேசி வைத்துக்கொள்வது அந்தப் பெண்ணுக்குச் செய்கிற பெரிய உதவி.

அடுத்தது பணம். விளம்பரத்தில் போடுகிற கட்டணம் ஒரு அறையில் இருவர் தங்கும்போது ஒருவருக்கு ஆகிற தொகை. அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் குறைவாக இருக்கும். தனியாக ஒருவர் ஓர் அறை எடுத்தால் கிட்டத்தட்ட இருவர் கட்டணம் வந்துவிடும். இதற்கு மேல் துறைமுக வரி, ஒவ்வொரு ராத்திரிக்கும் தலைக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம். பெரிய கப்பல்களில் இது சுமார் 15 முதல் 20 அமெரிக்க டாலர், குழந்தைக்கும் சேர்த்து. ஆறு பேர், நாலு ராத்திரி என்று பெருக்கிப் பாருங்கள். பாட்டில் குளிர்பானம், வைஃபை, தனி உணவகங்கள், கரையில் அழைத்துப் போகிற சுற்றுலா எல்லாமே தனிக் கணக்கு. ஏஜெண்டிடம் "எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

அறை விஷயத்தில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். ஜன்னல் இல்லாத உள்ளறை மலிவு; சுமார் 150 முதல் 180 சதுர அடி இருக்கும். நாலு பேர் என்றால் இரண்டு படுக்கை கீழே, இரண்டு மேலே சுவரிலிருந்து இறங்கும், ரயிலின் அப்பர் பெர்த் மாதிரி. ஏணியில் ஏறித்தான் படுக்க வேண்டும். பாட்டி கீழே, பிள்ளைகள் மேலே என்று முடிவாகிவிட்டால் இது போதும். ராத்திரி விளக்கை அணைத்தால் கும்மிருட்டு; சின்ன இரவு விளக்கு ஒன்று கொண்டுபோங்கள். குளியலறை வாசலில் பல கப்பல்களில் சில அங்குல உயரத்துக்கு ஒரு தடுப்பு இருக்கும், தண்ணீர் வெளியே வராமலிருக்க. அரைத்தூக்கத்தில் எழுந்து போகிற பெரியவர்கள் தடுக்கி விழுகிற இடம் அதுதான். முதல் நாளே பாட்டியை அங்கே நிறுத்தி, காலால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்று தடுப்பில்லாத அறைகள் கொஞ்சம் இருக்கின்றன. அவை சீக்கிரம் தீர்ந்துவிடும், பதிவு செய்யும்போதே கேட்க வேண்டும்.

கப்பலின் தள வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் அறை தேடுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. லிஃப்டுக்குப் பக்கமாக இருப்பதும் முக்கியம்; 300 மீட்டருக்கு மேல் நீளமான கப்பலில் அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போவதே பாட்டிக்கு ஒரு நடை. மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கிற இடமாகப் பாருங்கள். நீச்சல் குளத்துக்கு நேர் கீழே என்றால் விடியற்காலையிலேயே நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்கும். "கம்பெனி எந்த அறை கொடுத்தாலும் சரி" என்கிற மலிவு டிக்கெட்டைக் குடும்பமாகப் போகிறவர்கள் எடுக்க வேண்டாம். இரண்டு அறை எடுத்தால் அவை கப்பலின் இரண்டு கோடியில் அமைந்துவிடலாம். நடுக்கதவு வைத்த இணைப்பு அறைகள் கிடைத்தால் விடாதீர்கள். பால்கனி அறை எடுத்தால் நாற்காலியைக் கம்பியருகே போடக் கூடாது, பிள்ளைகளைத் தனியே அங்கே விடக் கூடாது. இதில் நான் கண்டிப்பாகவே சொல்வேன்.

பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது இது: கப்பல் சிங்கப்பூரை விட்டுப் போய்த் திரும்பி வந்தால், அது குடிநுழைவுத் துறைக்குப் புது வருகை. அதனால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் பலமுறை நுழைய அனுமதிக்கிற விசா வேண்டும். சிங்கப்பூரின் வருகை அட்டையை ஆன்லைனில் இலவசமாக, வந்து சேர்வதற்கு மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். கப்பலில் திரும்பும்போது மறுபடியும். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா விலக்கு கொடுத்திருக்கிறது, ஆனால் அவர்களுக்கும் டிஜிட்டல் வருகை அட்டை உண்டு. இப்படிப்பட்ட விலக்குகள் காலக்கெடு வைத்து வருபவை. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னும், ஒரு வாரம் முன்னும் அந்தந்த அரசின் தளத்தில் பார்த்துவிடுங்கள். "நாங்க இறங்கவே போறதில்லையே" என்று சொல்லிப் பயனில்லை. கப்பல் தொடுகிற நாட்டுக்குரிய தாள் இல்லாவிட்டால் சிங்கப்பூரிலேயே ஏற்ற மறுக்கலாம். அப்பா அம்மா வராமல் தாத்தா பாட்டி மட்டும் பேரப்பிள்ளைகளை அழைத்துப் போனால், பெற்றோரின் சம்மதக் கடிதம் நோட்டரி கையெழுத்தோடு தேவைப்படும்.

பெட்டி கட்டும்போது இரண்டு சாமான்களை வெளியே எடுத்துவிடுங்கள். ஒன்று கசகசா. குருமாப் பொடியிலோ வேறெதிலோ கலந்திருந்தாலும் வேண்டாம். சிங்கப்பூரில் அது தடைசெய்யப்பட்ட பொருள். இன்னொன்று புகையிலை போட்டு மெல்லுகிற எதுவும். தாத்தாவின் தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு அங்கே முன் அனுமதி தேவைப்படலாம். மருத்துவர் சீட்டை வைத்துக்கொண்டு அங்குள்ள சுகாதார அறிவியல் ஆணையத்தின் விதியைப் பாருங்கள். மின்சாரக் கெட்டில், குக்கர், அயர்ன் பாக்ஸ் மூன்றையும் கப்பலில் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். சிங்கப்பூரில் கிளம்புகிற கப்பல்களில் இந்தியப் பயணிகள் அதிகம், சைவமும் ஜைன உணவும் முன்கூட்டிச் சொன்னால் கிடைக்கும். தயிரும் சாதமும் தனித்தனியாக இருக்கும், பாட்டிக்கு அது போதும். சீல் பிரிக்காத ஊறுகாய்ப் பாக்கெட்டும், இன்ஸ்டன்ட் காபிப் பொட்டலங்களும் கொண்டுபோனால் சூடான பால் வாங்கிக் கலந்துகொள்ளலாம். சாப்பிடுமுன் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கை கழுவச் சொல்லுங்கள். கப்பலில் வயிற்றுப்போக்கைப் பரப்புகிற நோரோ வைரஸுக்கு சானிடைசர் அவ்வளவாக வேலை செய்யாது.

ஆடுமா என்று எல்லோரும் கேட்பார்கள். மலாக்கா நீரிணை இருபுறமும் நிலம் இருப்பதால் பொதுவாக அமைதியானது. புக்கெட் பக்கம் மட்டும் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அலை எழும். குமட்டல் வருகிறவர்கள் திறந்த தளத்துக்கு வந்து அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் நிதானப்படும். அவோமின் மாத்திரையை வாந்தி வந்தபின் போட்டுப் பயனில்லை, முன்பே போட வேண்டும், தூக்கம் வரும். இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது, பெரியவர்களுக்கு மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள். கப்பல் மருத்துவமனையின் பில் கனமாக இருக்கும். கப்பல் பயணத்தையும், கரைக்குத் தூக்கிச் செல்கிற அவசரச் செலவையும் ஏற்கிற பயணக் காப்பீடு எடுக்காமல் பெரியவர்களை அழைத்துப் போகாதீர்கள்.

ஏறிய அன்றைக்கே பாதுகாப்புப் பயிற்சி இருக்கும். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று புதிதாக ஏறியிருந்த பயணிகளுக்குப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. அதன்பிறகுதான் கிளம்புவதற்கு முன்போ, கிளம்பிய உடனேயோ நடத்த வேண்டும் என்று சர்வதேச விதி மாறியது. இப்போது பல கப்பல்களில் வீடியோ பார்த்துவிட்டு, நமக்கென்று குறித்த கூடும் இடத்துக்கு ஒருமுறை போய் வந்தால் முடிந்தது. பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள். குழந்தை கையில் கட்டுகிற பட்டையில் அந்த இடத்தின் எண் இருக்கும், அதைக் கழற்றாதீர்கள்.

கரையில் இறங்குகிற நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பினாங்கில் கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில் நிற்கும். ஊரின் நடுவே இறங்குவதுபோல்தான். ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த நகரம். கொஞ்ச தூரத்தில் குட்டி இந்தியா, 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், தமிழ் முஸ்லிம்கள் கட்டிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். சுற்றுலாப் பேருந்துக்குப் பணம் கட்டாமல், பாட்டியை ஒரு டாக்சியில் ஏற்றி நீங்களே பார்த்துவிட்டு வரலாம். பெரியவர்களோடு போகிறவர்களுக்கு நான் பினாங்கு வழியைத்தான் சொல்வேன். போர்ட் கிளாங் அப்படியில்லை. கோலாலம்பூர் ஒரு மணி நேரத்துக்கு மேல்; பத்துமலைக்குப் போனால் 272 படி. நெரிசலில் மாட்டினால் கப்பல் காத்திருக்காது. கப்பல் நிறுவனமே நடத்துகிற சுற்றுலாவில் போனால் தாமதம் அவர்கள் பொறுப்பு. சொந்தமாகப் போனால் நம் பொறுப்பு. புக்கெட்டில் சில கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டுப் படகில் இறக்கும். அலையாடும் படகில் கால் வைப்பது பாட்டிக்குச் சிரமம், சக்கர நாற்காலியோடு பெரும்பாலும் முடியாது.

கூடவே ஒரு மணி நேரக் குழப்பமும் புக்கெட்டில் உண்டு. சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே நேரம், தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்க, கரையில் இறங்கியதும் உங்கள் போன் தாய்லாந்துக்கு மாறிவிடும். நாலரைக்குள் ஏற வேண்டும் என்று கப்பலில் சொல்லியிருப்பார்கள். போனில் மூன்றரைதான் காட்டும், இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதென்று கடையில் நிற்போம், அங்கே கப்பலில் ஏறுபாலத்தை எடுத்துக்கொண்டிருப்பார்கள். குடும்பத்தில் ஒருவர் கையிலாவது சாதாரண கடிகாரம், கப்பல் நேரத்தில் வைத்தது, இருக்கட்டும்.

போனை ஏறியதுமே ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். நடுக்கடல் ரோமிங் பில் பயணச் செலவையே தூக்கிச் சாப்பிடும்.

ஏறுகிற நாளுக்கு ஒருநாள் முன்பே சிங்கப்பூர் போய்ச் சேருங்கள். பெட்டியைத் துறைமுகத்தில் கொடுத்தால் அறைக்கு வர சாயங்காலம் ஆகலாம், அதனால் மருந்து, பாஸ்போர்ட், குழந்தைக்கு மாற்று உடை, நீச்சலுடை எல்லாம் கைப்பையில். திரும்புகையில் கடைசி ராத்திரியே பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் உடுத்த வேண்டிய துணியை முன்பே எடுத்துக்கொள்ளுங்கள், பாட்டியின் புடவையையும் காலை மாத்திரையையும் சேர்த்து. கப்பல் ஏழு மணிக்கே கரை சேர்ந்தாலும் ஆயிரக்கணக்கான பேர் இறங்கி, குடிநுழைவு முடிந்து, சாங்கி விமான நிலையம் போய்ச் சேர வேண்டும். ஊர் திரும்புகிற விமானத்தை மதியம் இரண்டு மணிக்குப் பிறகு போடுங்கள்.