இரத்தக்குழாய் உட்படலமும் ‘அழுத்தம்’ என்னும் கலைச்சொல்லும்

உயிரணுக்களில் ஆக்சிஜனேற்றிகள் மிகுந்து சமநிலை குலைவதைத் தமிழில் ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’ என வழங்குவர். இரத்தக்குழாய் குறித்த அறிவியல் எழுத்தில் இச்சொல் பொருள் மயக்கம் தருகிறது. ‘இரத்த அழுத்தம்’ என்னும் தொடரும் அங்குப் பயின்று வருவதே காரணம்.

இரத்தக்குழாயின் உட்புறத்தை ஒற்றை அடுக்கு உயிரணுக்களாலான படலம் பொதிந்துள்ளது. அசிட்டைல்கோலினால் குழாய் தளர்வதற்கு இப்படலம் இன்றியமையாதது என ராபர்ட் ஃபர்ச்காட்டும் ஜான் சவாட்ஸ்கியும் 1980இல் நிறுவினர். படலம் விடுக்கும் சமிக்ஞை நைட்ரிக் ஆக்சைடு என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இத்துறை ஆய்வுக்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் ஆகிய மூவரும் 1998இல் நோபல் பரிசு பெற்றனர்.

சூப்பர்ஆக்சைடு மிகும்போது அது நைட்ரிக் ஆக்சைடுடன் வினைபுரிந்து பெராக்சிநைட்ரைட்டை உருவாக்குகிறது. இதனால் தசையைச் சேரும் சமிக்ஞை குன்றுகிறது. நைட்ரிக் ஆக்சைடை ஆக்கும் நொதிக்குத் துணைநிற்கும் டெட்ராஹைட்ரோபயாப்டெரின் ஆக்சிஜனேற்றம் அடைந்தால், அந்நொதியே சூப்பர்ஆக்சைடை ஆக்கத் தொடங்குகிறது. குழாய் தளரும் திறன் குறைய, இரத்த அழுத்தம் உயர்வதற்கும் அது ஏதுவாகலாம்.

ஆக, முன்னது வேதிச் சமநிலைக் குலைவு. பின்னது குழாய்ச் சுவரின்மீது இரத்தம் செலுத்தும் விசை. இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டின், காரணமும் விளைவும் மயங்கும். இயற்பியலார் ஆளும் ‘தகைவு’ என்பதும் விசையையே நினைவூட்டும். குறைந்த அளவு ஹைட்ரஜன் பெராக்சைடு உயிரணுவுக்கு இயல்பான சமிக்ஞையே. தீங்கு தருவது அதன் மிகுதி. எனவே ‘ஆக்சிஜனேற்ற மிகை’ என்னும் ஆட்சி பொருளுக்கு நெருங்கியதாகும்.