மெலித்தாவின் பெயரற்ற விரிகுடா

அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரம் இடப்பெயர்கள் நிறைந்தது. மீறா, கினீது, சல்மோனே, நல்ல துறைமுகம், கிலவுதா என லூக்கா ஒவ்வொன்றாகக் குறித்துச் செல்கிறார். ஆனால் கப்பல் உடைந்த விரிகுடாவுக்கு மட்டும் அவர் பெயர் தரவில்லை. 39ஆம் வசனத்தில் நம் பழைய திருப்புதல் ‘துறைமுகம்’ என்கிறது. கிரேக்க மூலத்திலுள்ள சொல் ‘கோல்பொஸ்’ என்பதாகும். மார்பு, மடி என்னும் பொருளில் யோவான் 13:23இல் வருவதும் இச்சொல்லே. கடல் நிலத்துக்குள் வளைந்து புகுந்த இடத்தையும் அது குறிக்கும். பேர்பெற்ற துறைமுகமாயிருந்தால் அலெக்சந்திரியக் கப்பலின் மாலுமிகள் அதனை அடையாளம் கண்டிருப்பர். அவர்களோ தீவின் பெயரையே கரையேறிய பின்னர்தான் அறிந்தனர் (28:1).

மால்ட்டாவின் வடகிழக்குக் கரையில் இன்று ‘தூய பவுல் விரிகுடா’ உள்ளது. அதன் கரையிலுள்ள ஊரை மால்ட்டியர் ‘சான் பவுல் இல்-பஹர்’, அதாவது கடலோரத்துத் தூய பவுல், என்றழைப்பர். இப்பெயர் பிற்காலப் பக்திமரபில் தோன்றியது. பெயரைக் காட்டி இடத்தை நிறுவுவது, நிறுவ வேண்டியதையே சான்றாகக் கொள்வதாகும். பயணம் சென்று திரும்பிய போதகர் சிலர் பிரசங்க மேடையில் இதனைச் செய்வதுண்டு!

பெயரை ஒதுக்கிவிட்டுக் கடலை ஆராய்ந்தவர் ஸ்காட்லாந்தினரான ஜேம்ஸ் ஸ்மித். பாய்க்கப்பல் ஓட்டுவதில் தேர்ந்த அவர், 1848இல் தம் ஆராய்ச்சியை நூலாக வெளியிட்டார். கிலவுதாவிலிருந்து மால்ட்டா ஏறத்தாழ 480 கடல் மைல். வடகிழக்குப் பெருங்காற்றில் பாய் குறைத்து மிதக்கும் கப்பல் மணிக்குச் சுமார் ஒன்றரை மைல் ஒதுங்கும்; நாளொன்றுக்கு 36 மைல் ஆகும். அவ்வாறாயின் 13 நாளுக்குச் சற்று மேல் செல்லும். லூக்கா கூறுவதும் பதினான்காம் இரவே (27:27). விரிகுடாவின் கிழக்கு வாயிலிலுள்ள கவுரா முனையைக் கடந்து உள்ளே வருகையில் 20 பாகமும், பின்பு 15 பாகமும் ஆழம் கிடைப்பதை அவர் காட்டினார். நம் கரையோர மீனவர் கைகளை விரித்து அளக்கும் பாகமே இது, ஆறடி கொண்டது. மேற்குப் புறத்திலுள்ள சிறு தீவுக்கும் பெருந்தீவுக்கும் இடையிலான ஒடுங்கிய கால்வாயையே 41ஆம் வசனம் கூறும், இருகடல் கூடும் இடமாக அவர் கொண்டார்.

லூக்கா ‘ஆதிரியா’ என்பதால், குரோவாசியாவின் மிலியெத் தீவே மெலித்தா என்று 1730இல் ஒரு நூல் வாதிட்டது. அக்காலத்தில் அப்பெயர் கிரேத்தாவுக்கும் சிசிலிக்கும் இடைப்பட்ட கடலையும் உள்ளடக்கியது. ரோமாபுரிக்குச் செல்கையில் யோசேபஸும் ஆதிரியாவில் கப்பற்சேதமடைந்தார். அவரை எடுத்துக் காத்தது வட ஆப்பிரிக்கச் சிரேனேயின் கப்பலாகும். ஆகவே இவ்வாதம் வலுவற்றது.

எனினும் ஸ்மித்தின் முடிவிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. லூக்கா கூறுவது இறங்கத்தக்க கடற்கரை. இவ்விரிகுடாவின் கரையோ பெரும்பாலும் பாறை. மணலை அலை அரித்திருக்கலாம் என்று அவர் விடையளித்தார். விரிந்த மணற்கரையுடைய மெல்லியஹா விரிகுடா வடக்கே அருகிலேயே இருப்பதால், அவ்விடையை எல்லாரும் ஏற்கவில்லை. தீவைக் குறித்து நாம் உறுதியாகப் போதிக்கலாம். விரிகுடாவைக் குறித்து லூக்காவைப் போலவே பெயரின்றிப் பேசுவது தகும்.