மலைநாட்டுப் பாட்டுக்கு ஒரு காவல்

ஏட்டில் எழுதப்பெற்ற பாடல் கரையானுக்கு இரையாகாதவரை பிழைத்திருக்கும். எழுதப்பெறாத பாடலோ, அதைப் பாடும் நாவோடு வாழ்ந்து அந்நாவோடு மடியும். பாட்டி பாடிய தாலாட்டைத் தாய் பாடாது விட்டால், பேரன் காலத்தில் அப்படியொரு பாடல் இருந்ததென்று சொல்லவும் ஆளிராது. ஆகவேதான், நாட்டுப்பாடல்களைக் காத்தவர்களின் வரலாறு பெரும்பாலும் குடும்பங்களின் வரலாறாக அமைகின்றது. அமெரிக்க நாட்டின் கென்டக்கி மலைப்பகுதியில் பிறந்த ஜீன் ரிச்சி என்னும் அம்மையாரின் குடும்பத்தை அத்தகையதொன்றாக இங்கு நாம் காண்போம்.

பதினான்கு மக்களும் ஒரு முற்றமும்

ஜீன் ரிச்சி 1922 ஆம் ஆண்டில், கம்பர்லாந்து மலைகளுக்கிடையே வைப்பர் என்னும் சிற்றூரில் பிறந்தார். பேலிஸ், அபிகெயில் தம்பதியரின் பதினான்கு மக்களுள் அவரே கடைக்குட்டி. மக்காச்சோளத் தோட்டத்தில் களையெடுக்கும்போதும், பாத்திரம் துலக்கும்போதும், மாலையில் வீட்டு முகப்பில் கூடியிருக்கும்போதும் அக்குடும்பம் பாடிக்கொண்டேயிருந்தது. தந்தையிடம் டல்சிமர் என்னும் சிறு நரம்பிசைக் கருவி ஒன்று இருந்தது. மடியில் கிடத்தி வாசிக்கும் அதனைப் பிள்ளைகள் தொடக்கூடாதென்பது அவர் கட்டளை. ஐந்தாறு வயதுச் சிறுமியான ஜீனோ, தந்தை அறியாமல் அதை எடுத்து மெல்ல மீட்டிப் பழகிவிட்டாராம்!

அவர்கள் பாடியவை யாவை? அவற்றுள் பல, இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் குடியேறிய முன்னோர் தம்மோடு கொண்டுவந்த கதைப்பாடல்கள். கைவிடப்பட்ட காதலியையும், வஞ்சிக்கப்பட்ட தலைவனையும், கடலில் மாண்ட மாலுமியையும் பற்றியவை. 'பார்பரா ஆலன்' என்ற கதைப்பாடலை இலண்டனில் கேட்டதாக சாமுவேல் பீப்ஸ் என்பார் 1666 ஆம் ஆண்டிலேயே தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு இத்தகைய 305 கதைப்பாடல்களைத் தொகுத்து, 1882 முதல் 1898 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார். அறிஞர் நூலில் அடைத்த அப்பாடல்களுட் சில, எழுத்துதவியின்றியே மலைமக்கள் வாயில் உயிரோடு உலவிவந்தன.

கேட்க முடியாத குரல்

இதனை அறிந்த செசில் ஷார்ப் என்னும் ஆங்கிலேயர், 1916 முதல் 1918 வரை மாட் கார்ப்பலஸ் என்னும் பெண்மணியின் துணையுடன் அம்மலைகளில் அலைந்து, ஏறத்தாழ 1,600 மெட்டுகளைத் திரட்டினார். 1917 ஆம் ஆண்டில் ஹிண்ட்மன் என்னுமிடத்திலிருந்த பள்ளியில் அவருக்குப் பாடிக்காட்டியவர்களுள் ஜீனின் மூத்த சகோதரி ஊனாவும் ஒருவர். அப்போது ஜீன் பிறக்கவேயில்லை.

ஷார்ப் மெட்டை இசைக்குறியீட்டில் எழுதினார். கார்ப்பலஸ் சொற்களைச் சுருக்கெழுத்தில் பிடித்தார். போற்றத்தக்க உழைப்பே அது! ஆயினும் ஊனாவின் குரல் அத்தாளில் இல்லை. எந்தச் சொல்லில் அவர் மூச்சு வாங்கினார், எந்தச் சுரத்தைச் சற்றே வளைத்தார், சோகமான அடியை எவ்விதச் சலனமுமின்றி எப்படிச் சொல்லிச் சென்றார் என்பவற்றை எக்குறியீடும் முழுமையாகக் காட்டாது. பாடலின் எலும்புக்கூடு காக்கப்பட்டது. தசையும் குருதியும் அன்று காற்றில் கரைந்தன.

அந்தக் குறையைத் தீர்த்தது ஒலிப்பதிவுக் கருவி. ஜீன் 1946 இல் சமூகப்பணியில் பட்டம் பெற்று நியூயார்க் சென்றார். அங்கே ஏழைக் குழந்தைகளிடையே பணியாற்றியபோது, அவர்களுக்குத் தம் வீட்டுப் பாடல்களையே சொல்லிக்கொடுத்தார். நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் 1949 இல் அவர் குரலைப் பதிவு செய்தார். 1952 இல் எலெக்ட்ரா நிறுவனத்தின் மூலம் அவருடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது.

புகழ் வந்தபின் அவர் செய்ததுதான் நம் கவனத்திற்குரியது. 1952 இல் ஃபுல்பிரைட் உதவித்தொகை பெற்று, கணவர் ஜார்ஜ் பிக்கோவுடன் கடல் கடந்தார். தம் குடும்பப் பாடல்களின் வேரைத் தேடி இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாடுகளில் சுற்றினார். கணவர் படம் எடுத்தார். மனைவி ஒலிநாடாவில் பதிவு செய்தார். அயர்லாந்தின் எலிசபெத் குரோனின், சாரா மேக்கம் போன்ற மூதாட்டியரின் குரல்கள் இவ்வாறு காக்கப்பட்டன. தம் பாடலைப் பிறர் பதிவு செய்யக் கொடுத்தவர், பிறர் பாடலைத் தாம் பதிவு செய்து காத்தார். கடன் தீர்க்கும் முறை இதுவன்றோ!

பதிவும் மூப்படையும்

பதிவு செய்தாயிற்று, இனிக் கவலையில்லை என்று நாம் எண்ணலாம். அங்குதான் நாம் ஏமாறுகிறோம். மனிதரைப் போலவே ஒலிநாடாவுக்கும் மூப்புண்டு. அக்காலத்து உடனடிப் பதிவுத் தட்டுகள், உலோகத் தகட்டின்மேல் மெருகுப் பூச்சுடையவை. பூச்சு உரிந்தால் பாடலும் உரிந்துவிடும். அசிட்டேட் நாடாக்கள் காலப்போக்கில் காடி நாற்றம் வீசிச் சுருங்குகின்றன. பின்வந்த நாடாக்கள் சிலவற்றிலோ, காந்தத் துகளைப் பிடித்துவைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கின்றது. அத்தகையதை ஓடவிட்டால், ஒலியைத் தாங்கிய படலமே உரிந்து கருவியில் ஒட்டிக்கொள்ளும். நாடா நன்றாக இருந்தாலும், அதை இயக்கும் கருவிகளும் உதிரி பாகங்களும் பழுது பார்ப்போரும் அருகிவருகின்றனர். 2025 ஆம் ஆண்டளவில் காந்த நாடாக்களைக் கேட்கும் வாய்ப்பே பெரிதும் மறைந்துவிடும் என்று 2019 இல் யுனெஸ்கோ வழியாக எச்சரிக்கை விடுக்கப்பட்டது. அந்தக் கெடு வந்தே விட்டது.

எனவே காப்பகங்கள் பழைய நாடாக்களைத் துப்புரவு செய்து, நுட்பமான எண்முறைக் கோப்புகளாக மாற்றுகின்றன. மாற்றிய கோப்பையும் ஓரிடத்தில் மட்டும் வைத்தல் ஆகாது. இதற்குச் சான்று வேண்டுமா? 2022 சூலை இறுதியில் கிழக்குக் கென்டக்கியில் பெருவெள்ளம் புகுந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வைட்ஸ்பர்க் நகரிலுள்ள ஆப்பல்ஷாப் என்னும் நிறுவனம் அரை நூற்றாண்டாகச் சேர்த்த படச்சுருள்களும் நாடாக்களும் சேற்றில் அமிழ்ந்தன. அன்று ஊனா பாடிய அதே ஹிண்ட்மன் பள்ளியின் ஆவணங்களையும் வெள்ளம் விட்டுவைக்கவில்லை. மக்கள் சேற்றில் இறங்கி, கைக்குக் கிட்டியவற்றையெல்லாம் மீட்டெடுக்க வேண்டியதாயிற்று.

ஜீன் ரிச்சியின் பதிவுகளுக்கு ஒரு நற்பேறு வாய்த்தது. அவருடைய சேகரிப்பு ஓரிடத்தில் முடங்கிக் கிடக்கவில்லை. வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்தில் ஒரு பகுதியும், அயர்லாந்தின் கால்வே பல்கலைக்கழக நூலகத்தில், அந்நாட்டில் எடுத்த படங்களும் பதிவுகளுமாக மற்றொரு பகுதியும் உள்ளன. 1961 இல் அவருடைய கதைப்பாடல்களை வெளியிட்ட ஃபோக்வேஸ் நிறுவனத்தை, அதன் நிறுவனர் மோசஸ் ஆஷ் 1986 இல் மறைந்தபின், 1987 இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் ஏற்றது. அங்கிருந்த 2,168 தொகுப்புகளுள், விற்றாலும் விற்காவிட்டாலும், ஒன்றுகூட மக்களுக்குக் கிடைக்காமற் போகலாகாது என்பதே அந்த ஏற்பாட்டின் நிபந்தனை. ஜீன் அம்மையார் 2015 இல் தம் 92 ஆம் வயதில் கென்டக்கியிலேயே கண்மூடினார். அவர் குரலை இன்றும் நாம் கேட்கலாம்.

பெட்டகம் போதுமா?

பாடலைப் பதிவு செய்துவிட்டால் அது பாடம் செய்த பறவைபோல் ஆகிவிடாதா என்று சிலர் வினவுவர். வினா நியாயமானதே. நாட்டுப்பாடல் ஒவ்வொரு வாயிலும் சிறிது மாறுவது. பதிவோ ஒரு நாளைய வடிவத்தை நிலைநிறுத்துவது. ஆனால் ரிச்சியின் வாழ்வே இதற்கு விடையாகின்றது. கேட்டுக் கற்றவர்கள் மீண்டும் பாடினர். வழக்கொழியும் நிலையிலிருந்த டல்சிமர் பல கைகளுக்குப் பரவிற்று. பதிவு விதைநெல் போன்றது. குதிரில் காக்கவும் வேண்டும். வயலில் விதைக்கவும் வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. தம் குடும்பம் பாடிய வடிவங்களை ஜீன் தம் பெயரில் உரிமைப் பதிவு செய்தார். ஊருக்குப் பொதுவான பாட்டுக்கு உரிமையா என்று கேட்கத் தோன்றும். ஆனால் பாட்டைப் பேணிய ஏழைக் குடும்பத்தின் பெயர் மறைந்து, அதை எடுத்துப் பாடியவர் பெயர் மட்டும் நிலைப்பது முறையாகுமா? பாடியவர் யார், எவ்வூரார், எவரிடம் கற்றார் என்ற குறிப்பில்லாத பதிவு, முகவரியில்லாத கடிதமே.

வாசக அன்பர்களே! நம் இல்லங்களிலும் பழைய ஒலிப்பேழைகள் அலமாரி மூலையில் உறங்குகின்றன. அவற்றில் பாட்டனார் குரலோ, அத்தையின் தாலாட்டோ இருக்கக்கூடும். அவற்றை வெயிலும் ஈரமும் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். பாடியவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் மேலே எழுதுங்கள். பூஞ்சணம் பூத்த நாடாவை அவசரப்பட்டு ஓடவிடாதீர்கள்; அறிந்தவரிடம் கொடுத்துத் துப்புரவு செய்து படியெடுங்கள். எடுத்த படியை உடன்பிறந்தார் வீடுகளிலும் ஒவ்வொன்றாகக் கொடுத்து வையுங்கள். இன்னும் பாடும் முதியோர் வீட்டிலிருப்பின், நல்ல நாள் பார்த்துக் காத்திராமல், இந்த வாரமே அவர்கள் அருகில் அமர்ந்து கேளுங்கள், பதிவு செய்யுங்கள். பின்பு அப்பாட்டைப் பிள்ளைகளுக்கும் பாடச் சொல்லிக்கொடுங்கள்.