இளநிலை மாணவர்களுக்கான உயர்செயல்திறன் கணிமைக் கோடை ஆய்வுப் பயிற்சி

உயர்செயல்திறன் கணிமை என்பது ஒரு பெரிய கணக்கைப் பல நூறு அல்லது பல ஆயிரம் செயலிகளுக்குப் பங்கிட்டுத் தீர்க்கும் முறையாகும். வானிலை முன்கணிப்பு, புரத மூலக்கூறுகளின் அசைவு, விண்மீன் திரள்களின் தோற்றம் முதலியன இம்முறையில் ஆராயப்படுகின்றன. அமெரிக்காவில் கல்லூரி மாணவர்கள் இத்துறையில் நுழையும் வழிகளுள் ஒன்று கோடை ஆய்வுப் பயிற்சியாகும். அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987-இல் தொடங்கிய இளநிலை மாணவர் ஆய்வு அனுபவத் திட்டம் (சுருக்கமாக ஆர்.இ.யூ.) இவற்றுள் பரவலாக அறியப்பட்டது.

இத்திட்டத்தில் பல்கலைக்கழகம் ஒன்று பயிற்சி மையமாக நிதி பெறுகிறது. ஒரு மையத்தில் ஏறத்தாழ பத்து மாணவர்கள் எட்டு முதல் பத்து வாரங்கள் தங்கி ஆய்வு செய்வர். அவர்களுக்கு உதவித்தொகை தரப்படும். பெரும்பாலும் தங்கும் இடமும் உண்டு. இது சிறு செய்தி அன்று. கோடையில் கடையிலோ உணவகத்திலோ வேலை செய்து அடுத்த ஆண்டுக் கட்டணம் சேர்க்கும் மாணவர், ஊதியமில்லாப் பயிற்சிக்கு வர இயலாது. ஆய்வு வசதி குறைந்த சிறு கல்லூரிகளின் மாணவர்களைச் சேர்ப்பதும் திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. அத்தகைய மாணவர் பலருக்கு மீக்கணினியில் முதன்முதலாக வேலை செய்யும் வாய்ப்பு இங்குதான் கிடைக்கிறது.

மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுன்ட்டி வளாகத்தில் 2010-களில் இவ்வகை மையம் ஒன்று நடந்தது. அங்கு மாணவர்கள் குழுக்களாகப் பிரிந்து, பிற துறை அறிஞர்கள் கொண்டுவந்த உண்மையான சிக்கல்களை எடுத்துக்கொண்டனர்.

பயிற்சியின் தொடக்கம் எளியது. லினக்ஸ் கட்டளைகள், தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைதல், சி அல்லது ஃபோர்ட்ரான் மொழி ஆகியவை முதலில் கற்பிக்கப்படும். மீக்கணினியில் நினைத்த நேரத்தில் நிரலை ஓட்ட முடியாது. எத்தனை கணுக்கள், எவ்வளவு நேரம் வேண்டும் என்று எழுதி வரிசையில் இட வேண்டும். ஸ்லர்ம் போன்ற மென்பொருள் முறை வரும்போது அதை இயக்கும். கேட்ட நேரம் போதாவிட்டால் கணக்கு பாதியில் நிறுத்தப்படும். அதன்பின் எம்.பி.ஐ., ஓப்பன்எம்.பி. ஆகிய இணைக் கணிமை முறைகள் வருகின்றன. முன்னது தனித்தனி நினைவகம் கொண்ட கணுக்களிடையே செய்தி அனுப்புவது; பின்னது ஒரே நினைவகத்தைப் பகிரும் செயலிகளுக்கானது.

மாணவர்களைத் திகைக்க வைப்பது அடுத்த கட்டம். செயலிகளை இரட்டித்தால் வேகமும் இரட்டிக்கும் என்று எண்ணுவது இயல்பு. பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் மையத்தை நினைத்துப் பார்க்கலாம். ஆசிரியர் எண்ணிக்கையைக் கூட்டினால் திருத்தம் விரைவாகும். ஆனால் கட்டுகளைப் பிரித்துத் தருபவரும் மதிப்பெண் பட்டியலைச் சரிபார்ப்பவரும் ஒருவரே என்றால், ஓரளவுக்கு மேல் வேலை நகராது. ஜீன் அம்டால் 1967-இல் இதைக் கணிதமாக்கினார். நிரலில் 95 விழுக்காட்டைப் பங்கிட முடியும், 5 விழுக்காடு வரிசையாகவே நடக்க வேண்டும் எனக் கொள்வோம். 64 செயலிகளில் கிடைக்கும் வேகம் ஏறத்தாழ 15 மடங்குதான். எத்தனை செயலிகளைச் சேர்த்தாலும் 20 மடங்கைத் தாண்டாது. செயலிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் நேரத்தையும் சேர்த்தால், சில வேளைகளில் செயலி கூடக்கூட நிரல் மெதுவாவதும் உண்டு. இதைப் பாடமாகப் படிப்பதைவிட, தானே எழுதிய நிரலின் வரைபடம் கீழே வளைவதைப் பார்க்கும்போதுதான் மாணவருக்கு ஆய்வு என்றால் என்னவென்று புரிகிறது. காரணத்தைத் தேடுவதிலேயே இரண்டு வாரம் போகலாம். அது வீணான காலம் அன்று.

பயிற்சி முடிவில் ஒவ்வொரு குழுவும் சுவரொட்டி வடிவிலோ உரையாகவோ தன் முடிவுகளை முன்வைக்கும். சில குழுக்களின் அறிக்கைகள் ஆய்விதழ்க் கட்டுரைகளாகவும் வளர்வதுண்டு.

ஆர்.இ.யூ. நிதியுதவி அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கு நிரந்தர வதிவுரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே உரியது. மாணவர் விசாவில் படிப்போருக்கு இல்லை. ஐரோப்பாவில் பிரேஸ் அமைப்பு 2013 முதல் இத்தகைய கோடைப் பயிற்சியை நடத்தியது. இந்திய மாணவர்கள், பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் அகாதெமி, பிற இரு அறிவியல் அகாதெமிகளுடன் சேர்ந்து வழங்கும் கோடை ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அது கணிமைக்கென்றே அமைந்த திட்டம் அன்று. எனினும், கணிமை ஆய்வு செய்யும் வழிகாட்டியிடம் இடம் கிடைத்தால் இதே பயிற்சியைப் பெற முடியும்.