சாம்பல் பூத்த தேக்கு

புனே நகரில் நாங்கள் வசிக்கும் குடியிருப்பின் தோட்டத்தில் நான்கு தேக்கு பெஞ்சுகள் உள்ளன. பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் நின்றதால் அவை சாம்பல் நிறமடைந்து, ஆங்காங்கே பாசி படிந்து, உட்கார்ந்தவர் ஆடையில் சிலாம்பு ஏறும் நிலைக்கு வந்திருந்தன. அவற்றை விற்றுவிட்டு, பராமரிப்பு நிதியிலிருந்து இரும்பு பெஞ்சுகள் வாங்குவதென்று கூட்டத்தில் ஏறத்தாழ முடிவாகிவிட்டது. பார்க்க வந்த பழைய சாமான் வியாபாரி பேரம்கூடப் பேசாமல், அன்றே வண்டி கொண்டுவருவதாகச் சொன்னார். அந்த அவசரம்தான் எங்களைச் சற்று நிறுத்தி யோசிக்க வைத்தது.

சாம்பல் நிறத்தைக் கண்டதும் மரம் கெட்டுவிட்டது என்று எண்ணுகிறோம். அது சரியன்று. மரத்தின் நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் பொருளுக்கு லிக்னின் என்று பெயர். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் இதைச் சிதைக்கின்றன. சிதைந்ததை மழை கழுவிச் செல்கிறது. வெளிறிய நார்கள் மேலே எஞ்சுகின்றன. அவற்றில் நுண்பூஞ்சைகள் குடியேறும்போது நிறம் மேலும் மங்குகிறது. ஆனால் ஒளி மரத்துக்குள் ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூடப் புகுவதில்லை. அதனால் இந்த மாற்றம் தோலளவில் நின்றுவிடுகிறது. உள்ளே இருப்பது பழைய தேக்கேதான்.

மெய்யான கேடு வேறிடத்தில் இருக்கிறது. மரத்தை இற்றுப்போகச் செய்யும் பூஞ்சைக்கு ஈரம் வேண்டும். ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் குறைவாக உள்ள மரத்தை அதனால் தின்ன முடியாது. ஆகவே நீர் தேங்கி நிற்கும் இடங்களையே சோதிக்க வேண்டும்: மண்ணைத் தொடும் கால்கள், பலகைகள் சேரும் பொருத்துகள், திருகாணிகளைச் சுற்றிய பகுதி. திருப்புளியின் முனையால் அழுத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்த்து நிற்கும். இற்ற மரத்தில் முனை எளிதாக இறங்கும். எங்கள் நான்கு பெஞ்சுகளில் இற்றிருந்தது ஒரே ஒரு பின்காலின் அடிப்பகுதி, சுமார் இரண்டு அங்குலம். அந்தக் கால் மட்டும் வெளிறு கலந்த மரத்தில் செய்யப்பட்டிருந்தது. தேக்கின் புகழெல்லாம் அதன் வைரத்துக்கு உரியது; வெளிற்றுக்கு அந்த உறுதி கிடையாது. வைரம் பாய்வதற்கோ பல பத்தாண்டுகள் ஆகும். கேரளத்தின் நிலம்பூரில் 1840களில் கலெக்டர் கானொலியின் முயற்சியால் சாத்து மேனன் உருவாக்கிய தேக்குத் தோட்டத்தின் மரங்கள் சில இன்றும் நிற்கின்றன. இளம் மரத்தை அறுத்துச் செய்த புதிய பெஞ்சைக் காட்டிலும் நரைத்த பழைய பெஞ்சு மதிப்புடையதாக இருப்பது அரிதன்று. வியாபாரிக்கு அது தெரிந்திருந்தது.

வேலைக்கு உலர்ந்த பருவம் தேவை. புனேயில் மழை ஓய்ந்து மரம் நன்றாகக் காய்ந்தபின் நவம்பரில் தொடங்கினோம். வடகிழக்குப் பருவமழை பெறும் சென்னை வாசகர்கள் தை பிறக்கும்வரை காத்திருப்பது நல்லது.

முதல் பெஞ்சில் தவறு செய்தோம். கார் கழுவும் அழுத்த நீர்க்குழாயை அதன்மீது பாய்ச்சினோம். அழுக்கு நொடியில் போயிற்று. கூடவே மென்மையான நார்களும் போயின. உலர்ந்தபின் பலகை உழுத வயலைப் போல வரிவரியாக இருந்தது. அதைச் சமப்படுத்தவே இரண்டு நாள் ஆயிற்று. மற்ற மூன்றையும் சோப்பு நீரில் நனைத்து, தேங்காய் நார்த் தூரிகையால் ரேகையின் போக்கிலேயே தேய்த்துக் கழுவினோம். குளோரின் கலந்த வெளுப்பானும் வேண்டாம். அது நாரை அரிக்கும்.

இரும்பு ஆணிகளைச் சுற்றிப் படிந்த கருங்கறை தேய்த்துப் போகாது. மரத்தின் டானினும் இரும்பும் சேர்ந்து உண்டாகும் கறை அது. அதற்கு ஆக்சாலிக் அமிலம் நல்ல மருந்து. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் சுமார் 50 கிராம் கரைத்துப் பூசி, சிறிது நேரம் ஊறவிட்டு, ஏராளமான நீரால் கழுவ வேண்டும். அது நஞ்சு, கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். ஆணிகளை அப்படியே விட்டால் கறை திரும்பி வரும். பித்தளை அல்லது துருவேறா எஃகுத் திருகாணிகளாக மாற்றிவிடுவதே தீர்வு. இரும்புக் கம்பளியால் தேய்ப்பதையும் தவிருங்கள். அதன் துகள்கள் புதிய கறைகளை விதைக்கும்.

மரத்தின்மேல் பழைய பெயின்ட் இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. பெயின்டில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம்-க்குள் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்புவது, குறிப்பாகக் குழந்தைகள் விளையாடும் இடத்தில், ஆபத்தானது. ஈரப்படுத்திச் சுரண்டி, துகள்களைத் தாளில் சேகரித்து அகற்ற வேண்டும்.

இற்ற காலை ஆசாரி அறுத்தெடுத்து, பழைய கதவொன்றின் வைரத்துண்டை ஒட்டிச் சேர்த்தார். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் முகத்தைத் தின்னரால் துடைத்த பிறகே நீர் புகாப் பசையைத் தடவ வேண்டும் என்று அவர் சொன்னார். பிறகு 80, 120 எண் உப்புத்தாள்களால் ரேகையின் போக்கில் தேய்த்தோம். சாம்பல் தோல் உரிந்து பொன்னிறம் தலைகாட்டியபோது, விற்கச் சொன்னவர்களே ஆளுக்கொரு தாளுடன் வந்து உட்கார்ந்தார்கள்.

எண்ணெய் பூசுவது கட்டாயமில்லை. உறுதியான தேக்கு எண்ணெயின்றியே நிற்கும்; பொன்னிறம் நிலைக்க வேண்டுமென்றால்தான் பூச வேண்டும், பூசத் தொடங்கினால் ஆண்டுதோறும் பூச வேண்டும். வார்னிஷ் வெயிலில் வெடித்து, உள்ளே நீரைச் சிறைப்படுத்துவதால் நாங்கள் அதை விரும்பவில்லை. தேங்காய் எண்ணெய் உலராது. பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் சமஅளவு டர்பென்டைன் கலந்து, முதல் பூச்சை மெல்லியதாகத் தடவி, மரம் உறிஞ்சாமல் விட்டதைத் துடைத்தெடுத்தோம்.

துடைத்த துணிகளைப் பற்றி ஒரு சொல். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது வெப்பத்தை வெளியிடும். கசக்கிக் குவித்த துணியில் அந்த வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகி, தானாகவே தீப்பற்றலாம். நாங்கள் மூலையில் போட்டிருந்த குவியல் தொட முடியாத அளவுக்குச் சுட்டதை மாலையில் காவலாளி கண்டு சொன்னார். அதன்பின் துணிகளைத் திறந்த வெளியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயவைத்தோம். வாளி நீரில் மூழ்கவைத்தும் அப்புறப்படுத்தலாம்.

கடைசி வேலைக்குச் செலவே ஆகவில்லை. மரம் பக்கவாட்டைவிட அறுத்த முனை வழியாகவே அதிக நீரை உறிஞ்சும். அதாவது பெஞ்சின் பாதங்கள் வழியாக. ஒவ்வொரு காலின் அடிமுனையிலும் எண்ணெயைப் பலமுறை ஊறவிட்டு, மண்ணுக்கும் காலுக்கும் இடையில் ஒரு கருங்கல் துண்டை வைத்தோம். நான்கில் மூன்று பெஞ்சுகளுக்கு ஆண்டுதோறும் எண்ணெய் பூசுகிறோம். நான்காவது வேப்பமரத்தடியில், எண்ணெயில்லாமல், மறுபடியும் சாம்பல் பூத்துக்கொண்டிருக்கிறது. முதியவர்கள் அமர்வது பெரும்பாலும் அதில்தான்.