‘தஹாட்’: தொய்வு தொடங்கிய இடம்

2023 மே மாதம் அமேசான் பிரைமில் வெளியான ‘தஹாட்’ என்னும் இந்தித் தொடர் நடுவழியில் தொய்ந்துவிட்டது என்பது பார்வையாளர் பலரின் ஏமாற்றம். கொலையாளி யாரென்பதைத் தொடக்கத்திலேயே காட்டிவிட்டதைக் காரணமாகச் சொல்கின்றனர். அது பாதி உண்மையே.

தொடரின் விசை வேறிடத்தில் இருந்தது. ராஜஸ்தானின் சிறுநகரக் காவல் நிலையத்தில், தலித் உதவி ஆய்வாளர் அஞ்சலி கடந்து செல்லும்போதெல்லாம் சக ஊழியர் ஒருவர் ஊதுபத்தி கொளுத்துகிறார். சகோதரியைக் காணவில்லை என்று ஒடுக்கப்பட்ட சமூக இளைஞர் அளிக்கும் புகார் கண்டுகொள்ளப்படுவதில்லை. முஸ்லிம் ஒருவர்மீது அவர் பொய்ப்பழி சுமத்திய பிறகே காவல்துறை அசைகிறது. யார் காணாமல் போனால் அரசு தேடும் என்பதே தொடர் எழுப்பிய கேள்வி.

இது கற்பனைக் கேள்வியன்று. கடத்தப்பட்ட சிறுமியின் தந்தை அளித்த புகாரை உடனே பதியாததிலிருந்து எழுந்ததே லலிதா குமாரி வழக்கு. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் புகாரில் வெளிப்பட்டால், முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என 2013இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

தொடரோ இக்கேள்வியை இறக்கிவைத்துவிட்டுத் தனியொரு கொலையாளியைத் துரத்தப் புறப்பட்டுவிடுகிறது. ஊதுபத்தியின் புகை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவை எட்டுவதேயில்லை.

தந்தை மறைத்த ‘மேக்வால்’ என்னும் குடும்பப் பெயரை இறுதியில் அஞ்சலி மீட்டுக்கொள்வது நெகிழ்ச்சியான காட்சி. ஓர் அதிகாரியின் பெயர் மீண்டது. புகாரைப் புறந்தள்ளிய நிர்வாகம் பதில் சொல்லவில்லை. பார்வையாளர் உணர்ந்த தொய்வு அங்கேதான் தொடங்குகிறது.